அவஸ்தை எண்ணெய்

எங்கள் தெருவில் ஃபாதரின் பைக் சத்தம் கேட்டால் பெண்கள் மிக்ஸியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்கள். பைக் கோயில் பக்கமாகப் போய்விட்டால் திரும்பிப் போய் வேலையைப் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு வீட்டின் முன்னால் நின்று, ஃபாதர் கையில் ஒரு சின்னக் கறுப்புப் பையோடு இறங்கினால், அந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது என்று பக்கத்து வீட்டுக்காரி கூடுதலாக ஒரு படி அரிசி போடுவாள். அந்தப் பையில் எண்ணெய் இருக்கும். நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசுகிற மந்திரித்த எண்ணெய்.

கோயிலில் இதற்கு நோயில்பூசுதல் என்று பெயர். நோயாளிக்குத் தெம்பு கொடுக்கத்தான் இது, சாகப் போகிறவர்களுக்கு மட்டுமில்லை என்று பிரசங்கத்தில் பலமுறை சொல்லிவிட்டார்கள். நாங்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வருவோம். ஆனால் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான், அவஸ்தை பூசுதல். டாக்டர் கையை விரித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்து, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்ட பிறகுதான் ஃபாதரைக் கூப்பிடுவோம். அவர் வந்து பூசுவார். ஆள் போய்விடுவார். எண்ணெய் பூசினால் சாவு என்பது எங்கள் தெருவில் எல்லோரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

நான் அறிவியல் டீச்சர். எது காரணம், எது விளைவு என்று பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப்போட்டு விளக்குகிறவள். சாகிற நேரத்தில் கூப்பிட்டால் சாகத்தானே செய்வார்கள், அதற்கு எண்ணெய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு காசுக்கு உதவவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஈரக் கையோடு வயரைத் தொடுகிற மனிதர். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த டாக்டர், ஸ்டென்ட் வைத்தெல்லாம் சமாளிக்க முடியாது, நெஞ்சைத் திறந்து பைபாஸ்தான் செய்ய வேண்டும் என்றார். ஒரு தாளில் இதயத்தை வரைந்து எங்கெங்கே அடைப்பு என்று காட்டினார். நான் வகுப்பில் இதைவிட நன்றாக வரைவேனே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பயத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, வேறென்ன?

திரும்பி வரும்போது கடலூர் பஸ்ஸில் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஃபாதரை ஒரு தடவ வரச் சொல்லும்மா. பூசிக்கினு போயிடறேன்."

"மொதல்ல வாயக் கழுவுங்க" என்றேன். முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீ நெனக்கிற மாதிரி இல்ல. எங்க அப்பா எப்படிப் போனாருன்னு உனக்குத் தெரியாது."

அன்றைக்குத்தான் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய அப்பா படுக்கையில் கிடந்தபோது, வீட்டார் எல்லோரையும் போலவே கடைசி நிமிஷம் வரை ஃபாதரைக் கூப்பிடாமல் இருந்துவிட்டார்கள். கடைசி மத்தியானம் முழுக்க அந்தப் பெரியவர் அறையின் மூலையையே பார்த்துக்கொண்டு, "அவன் யாரு, அவன வெளிய போவச் சொல்லு" என்று கத்தியிருக்கிறார். மூலையில் யாருமில்லை. ஃபாதர் வந்து சேர்ந்தபோது உடம்பு குளிர்ந்துவிட்டது. கண்ணை மூடவே முடியவில்லையாம், அப்படி விறைத்துப்போயிருந்தது.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் இவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மரண வேளையில்தான் சாத்தான் தன் பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வருவானாம். செய்த பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, உனக்கு மன்னிப்பே கிடையாது என்று காதோடு சொல்வானாம். அப்பாவின் கண்ணைப் பார்த்த பிறகு அந்தப் பாடம் இவருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

"செத்துப்போறதுக்கு எனக்குப் பயமில்லம்மா. மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சிடுவாங்க. அப்பிடியே போயிட்டன்னா? அவன் வந்து நிக்கிறப்ப எனக்கு வாய் தொறக்க முடியாதே. ஒரு ஜெபம்கூடச் சொல்ல முடியாதே."

ஆனாலும் முடியாது என்றேன். எண்ணெய் பூசினால் இவரை நானே வழியனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் அப்படித்தான், நான் ஒன்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசமாட்டார். அவர் எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயம் தெரிந்ததும் அண்ணி வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் கோயிலை விட்டு ஒரு ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்து வெகுநாளாகிறது. உள்ளே நுழையும்போதே, "இது சாத்தானோட கட்டு. எங்க அப்பாவைப் புடிச்சவன் இப்ப தம்பியைப் புடிக்க வந்திருக்கான்" என்றார். பாட்டிலில் கொண்டுவந்த எண்ணெயை நிலைப்படியிலும் ஜன்னல் கம்பியிலும் பூசினார். அறையின் ஒவ்வொரு மூலைக்கும் போய், "உன்னைக் கட்டுறேன், வெளியே போ" என்று அதட்டினார். மூலை என்றாலே வெளிறிப்போகிற தம்பி கட்டிலில் உட்கார்ந்து போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணியின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதோடு ஒரு ஆறுதலும் இருந்தது. எதிரி இன்னார் என்று தெரிந்தது. அவனைத் திட்டலாம், விரட்டலாம், வாசல் கதவைச் சாத்தலாம்.

அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஃபாதர் தங்கியிருக்கிற சாமியார் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போன் பண்ணிக் கூப்பிட்டாலும் தயவுசெய்து வந்துவிடாதீர்கள் என்று ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளத்தான் போனேன். அவர் இளம் வயது, வெளி மாவட்டத்துக்காரர், சிரித்த முகம். டீ கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சாத்தானுக்கு இவ்வளவு மரியாதை குடுக்காதீங்க டீச்சர். அவன் கட்டிப்போட்ட நாய். கொரைப்பான், அவ்வளவுதான். கடவுள் அனுமதிக்காம அவனால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. வேதத்துலயே அவன் கடவுள் முன்னாடி போய் நின்னு அனுமதி வாங்கிட்டுத்தானே ஒரு நல்ல மனுஷனைச் சோதிக்கிறான்?"

"அப்ப சங்கிலி கடவுள் கையில இருக்கு."

"ஆமா. அதனாலதான் நாம பயப்பட வேண்டாம்."

"என் வீட்டுக்காரர் செத்துட்டா அது யாரு செஞ்சதா இருக்கும் ஃபாதர்?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கடவுள் அழைச்சுக்கிட்டார்னு சொல்லுவோம்" என்றார்.

"சாத்தான்னா கடவுள்கிட்ட ஓடலாம் ஃபாதர். கடவுளே கேட்டா நான் யார்கிட்ட ஓடுறது?"

"நம்பலாம் டீச்சர்" என்றார். குரலில் பொய் இல்லை. ஆனாலும், இவர் இன்னும் தன் வீட்டில் ஒருத்தரைக்கூடப் புதைத்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அது அநியாயமான நினைப்பு. அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

கெடிலம் பாலத்தில் நடந்து வரும்போதுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. அதுவரை இருந்ததெல்லாம் பதற்றம். இது வேறு. வெயில் அடிக்கிறது, பஸ் போகிறது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் போகிறது, எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டுப்போனது. என் வீட்டுக்காரருக்குச் சாத்தானிடம் பயம். எனக்குக் கடவுளிடம். சின்னப்பிள்ளையிலிருந்து தகப்பனே, தகப்பனே என்று கூப்பிட்டவரிடம் அப்படிப் பயந்தேன். அன்றைக்குச் சாயங்கால ஜெபத்தில் உமது சித்தம் என்று வருகிற இடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது. அவருடைய சித்தம் என்னவென்று தெரியாமல் அதற்குச் சரி என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் மட்டும் அந்த வரியைத் தனியாகச் சொல்லி முடித்தார்.

ஃபாதர் நல்ல மனுஷர். பூச வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று ஒரு சனிக்கிழமை காலையில் நலம் விசாரிக்க வந்தார். கையில் ஒரு கறுப்புப் பை. அதில் இருந்தது சாத்துக்குடி. அது எங்களுக்குத்தான் தெரியும், தெருவுக்குத் தெரியுமா? பைக் எங்கள் வாசலில் நின்றது, ஃபாதர் கறுப்புப் பையோடு இறங்கினார், அது போதும். பந்தல்காரர் போன் பண்ணி, "சேர் மட்டும் போதுமா டீச்சர், சாமியானாவும் வேணுமா?" என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார். எதற்கு என்று நான் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் வீட்டுக்காரரின் தாய்மாமா, நெல்லிக்குப்பத்திலிருந்து. கையில் பெரிய ரோஜா மாலை, தோளில் புதுத் துண்டு. "மாப்ள, என்னை உட்டுட்டுப் போயிட்டியேடா" என்று தெருவே கேட்க அழுதுகொண்டே கேட்டைத் தள்ளினார். லுங்கியைக் கட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "வாங்க மாமா" என்றார்.

மாமா அப்படியே நின்றுவிட்டார். மாலையைப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார். அவ்வளவு பெரிய மாலையை எங்கே மறைப்பது? "செத்துப்போயிட்டதா இல்ல சொன்னாங்க" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் மாலை மட்டும் மிச்சமிருந்தது. உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று அண்ணி வாசலை மறித்துக்கொண்டார், சாத்தான் அனுப்பின அடையாளமாம். மாதா படத்துக்குப் போட முடியாது, பிணத்துக்கென்று வாங்கியது. திரும்ப எடுத்துப்போகச் சொன்னால் மாமா தொடவே பயந்தார். கடைசியில் நான்தான் அதை வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். நல்ல ரோஜா வாசனை. அந்த வாசனை கையை விட்டுப் போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நான் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கரண்டுக்குப் பயப்படாத அந்தக் கை நடுங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாலைகூட வந்துடுச்சு. சேர்காரன் ரெடியா இருக்கான்" என்றார். "எல்லாரும் ரெடியாயிட்டாங்கம்மா. நான் ஒருத்தன்தான் இன்னும் ரெடியாவல."

அவர் செத்துப்போய்விடுவாரோ என்ற என் பயத்துக்காக, பயந்துகொண்டே சாகும்படி அவரை விட்டுவிட இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்து ஃபாதருக்குப் போட்டேன். இந்தத் தடவை எண்ணெய் கொண்டு வாருங்கள் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலேயே ஃபாதர் சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். வார்டில் இரண்டு கட்டில் தள்ளி எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். கோயிலில் பார்த்த முகம், பேசிப் பழக்கமில்லை. டெய்லர். அவளுடைய வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக், அவருக்கும் அன்றைக்கேதான் ஆபரேஷன். ஃபாதர் பையைத் திறந்ததும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளோ எழுந்து வந்து, "எங்க வீட்டுக்காரருக்கும் பூசுங்க ஃபாதர்" என்றாள். யோசிக்கவே இல்லை. எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இவளுக்கு மட்டும் எப்படிப் பயமில்லை?

ஃபாதர் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு என் வீட்டுக்காரரின் நெற்றியில் சிலுவை வரைந்தார், பிறகு உள்ளங்கைகளில். அதே விரலோடு அவளுடைய வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் போனார். நான் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போனால் உம்மோடு பேசமாட்டேன் என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். கடவுளை மிரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். திரும்பிப் பார்த்தபோது என் வீட்டுக்காரரின் முகம் தெளிந்திருந்தது. மாதக்கணக்கில் நான் பார்க்காத முகம். "இப்பப் பரவால்லம்மா" என்றார். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பயம் இன்னும் ஜாஸ்தியானது. சாகப் போகிறவர்களுக்குத்தான் முகம் இப்படித் தெளியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

வராந்தாவில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜெபமாலை உருட்டினாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டி டாக்டர் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டு, நல்லபடியாக முடிந்தது என்றார். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் எனக்காகச் சந்தோஷப்பட்டு அழுதாள். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடைய வீட்டுக்காரர் பிழைக்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷம் முதலில் வந்தது துக்கமில்லை. சாவு எங்கள் கட்டிலைத் தேடி வந்து வழி தவறி இரண்டு கட்டில் தள்ளிப் போய்விட்டது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, ஃபாதர் சொன்னபடி எல்லாம் ஒருத்தர் கையில்தான் இருக்கிறதென்றால் வழி தவறுவதென்பதே கிடையாதே என்று நினைத்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, இவர் தானாக நடக்க ஆரம்பித்த பிறகு, எங்கள் அன்பியத்தில் நன்றி ஜெபம் வைக்கச் சொன்னார்கள். அன்பியம் என்றால் சில தெருக்காரர்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்லுகிற கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த டெய்லர் பெண் வேறு அன்பியம். அவளை நான் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு எந்த முகம் இருக்கிறது? அவளாகவே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்ததும், "டீச்சர் சாட்சி சொல்லட்டும்" என்றார்கள். கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அது வழக்கம். "சாத்தானை ஜெயிச்சதச் சொல்லு" என்று அண்ணி என் இடுப்பில் இடித்தார். நான் எழுந்தேன். கடவுள் எங்கள் ஜெபத்தைக் கேட்டார் என்று ஆரம்பிக்க வேண்டும். அவளைப் பார்த்தேன். எங்கள் ஜெபத்தைக் கேட்டவர் அவளுடையதையும் கேட்டார்தானே? அதே எண்ணெய், அதே விரல். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லப்போகும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிற மாதிரி.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ அவசரமாக மாதா பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள்.

டீ கொடுத்து முடித்து நான் சமையலறையில் நின்றபோது அவள் தன் கிளாஸைக் கழுவ வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றாள்.

"பூசினதால அவரு பயப்படாமப் போனாரு டீச்சர். உள்ள தள்ளிக்கினு போறப்பகூட என்னப் பாத்துச் சிரிச்சாரு. அது போதும்னுதான் தெனமும் ஜெபத்துல சொல்றேன்."

நான் தலையாட்டினேன்.

"போதல டீச்சர்" என்றாள்.

கூடத்தில் என் வீட்டுக்காரர் மாமாவிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவளுக்கும் கேட்டது.